முகம்தான் முதலில்

பிப்ரவரி 17, சனி

லீலா இன்று காலை 11.20க்கு இறந்துவிட்டாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை. முப்பத்துநான்கு வருஷம் நில அளவைத் துறையில் இருந்தவன் நான். எங்கே போனேன், எதை அளந்தேன் என்று தினமும் நாட்குறிப்பு எழுதி, மாதக் கடைசியில் ஆபீசில் கொடுக்க வேண்டும். ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலை எட்டரைக்கு லீலா கோயிலுக்குப் போனாள். சனிக்கிழமைதோறும் பீடத்தை ஒழுங்கு செய்வது அவள் பொறுப்பு. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலமாதலால் ஊதாத் துணி போட வேண்டும். புறப்படும்போது, "புளிக்குழம்பு வச்சிருக்கேன் அத்தான். அப்பளம் வந்து பொரிக்கேன். பன்னிரண்டுக்குள்ள வந்திருவேன்" என்றாள். நான் பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல் சரி என்றேன்.

10.50க்கு போன். கோயில் காவலாளி. "சார், அம்மா விழுந்துட்டாவ."

"எந்த அம்மா?" என்று கேட்டேன்.

துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், "தலை பிளக்குது செல்வக்கனி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி உட்கார்ந்தாளாம். அவ்வளவுதான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன், யாரோ இருவருடைய வரப்புத் தகராறைக் கேட்பதுபோல. அவர் மறுபடியும் ஒருமுறை சொன்னார். அப்போதும் தலையாட்டினேன். வீட்டிற்கு வந்ததும் அப்பளக்கட்டைத் தேடினேன். ஏன் என்று தெரியவில்லை.

இன்று நாலு மணிக்கு அடக்கம். மகள் பெனிட்டா புனேயிலிருந்து காலை விமானத்தில் மதுரைக்கு வந்து, அங்கிருந்து கார் பிடித்து வந்தாள். அறுநூறு பேராவது வந்திருப்பார்கள். இத்தனை பேர் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் பெட்டி மூடும் நேரத்தில் பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி நிரம்பி வழிந்துவிடும் என்று அணைக்கப் போனேன். திரும்புவதற்குள் மூடிவிட்டார்கள். மற்றபடி எல்லாம் முறையாக நடந்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

மத்தியானம் தூங்கி எழுந்ததும், ஊரில் ஒரு பெரிய சாவு விழுந்திருக்கிறது, லீலாவிடம் சொல்ல வேண்டும் என்று அடுப்படி வரைக்கும் போய்விட்டேன்.

பெனிட்டா ஒன்று சொன்னாள். அதை எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

சபைப் போதகரான ஐயர் வந்திருந்தார். மார்ச் 17, ஞாயிறு ஆராதனையில் லீலாவை நினைவுகூரப் போகிறார்களாம். அவளுடைய வாழ்க்கையைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதி வாசிக்க வேண்டும். சபை இதழிலும் அச்சாகும்.

"உங்களை விட்டா வேற யாருக்கு சார் அவங்களை அந்தளவுக்குத் தெரியும்?" என்றார்.

அவர் போனதும் பெனிட்டா என்னைப் பார்த்தாள். பிறகு காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிப்ரவரி 24, சனி

பெனிட்டா கிளம்பிவிட்டாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஆட்டோவில் ஏறுமுன், "ஒரு மாசம் அங்க வந்து இருங்கப்பா" என்றாள். வாசிக்கிற வேலை இருக்கிறது என்றேன்.

முதல் படி எழுதினேன்:

"ஹெலன் புஷ்பலீலா, பிறப்பு 1962. பாளையங்கோட்டையில் படிப்பு. 1985இல் டேனியல் தவராஜ் என்பவருடன் திருமணம். அன்பான மனைவி, பொறுப்பான தாய், சபையின் உண்மையுள்ள ஊழியக்காரி. ஞாயிறு பள்ளியில் பதினெட்டு வருஷம் ஆசிரியை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செயலாளர், இரண்டு முறை. பிள்ளைகள்: ஒரு மகள்."

பத்து வரிதான் வந்தது. ஒரு புல எண்ணுக்கே நான் இதைவிட அதிகமாக எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 26, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். கிழக்கே பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளைச் சபையாம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"லீலாம்மா இருக்காவளா?"

"இல்லை" என்றேன்.

"எப்ப வருவாவ? எங்க அம்மை விடியக்காலம் தவறிட்டா. குளிப்பாட்டணும். அவிய போன் எடுக்கவே மாட்டேங்காவ, அதான் நேர்ல வந்தேன்."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. ஆள் மாறி வந்திருக்கிறீர்கள் என்றேன்.

"ஆள் மாறலியே. வெள்ளைச் சேலை, கண்ணாடி போட்டவிய. ஆறு வருசத்துக்கு முன்ன எங்க அக்காவையும் அவியதானே குளிப்பாட்டுனாவ. அது ஸ்டவ் வெடிச்சு வெந்த உடம்பு. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கொண்டாந்தப்ப பெத்த தாய்கூடக் கிட்டப் போகல. இவிய மட்டும் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாவ. ரெண்டு மணி நேரம். பொறவு எங்க எல்லாரையும் கூப்பிட்டு, 'வாங்க, இப்பப் பாக்கலாம்'னாவ. எங்க அக்கா மொகத்தை நாங்க பாத்தோம் சார்."

சரி, வந்ததும் சொல்கிறேன் என்று சொன்னேன். அப்படித்தான் சொன்னேன். அவர் பைக்கைத் திருப்பும்போதுதான் கேட்டில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நேரம் போஸ்டரின் முன்னாலேயே நின்றுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

செல்வக்கனியை வரச் சொன்னேன். லீலா விழுந்தபோது பக்கத்தில் இருந்தவள் இவள்தான். சங்கத்தில் இருபது வருஷமாக அவளோடு இருந்தவள். வந்து கூடத்தில் உட்கார்ந்தாள்.

"லீலா சாவு வீடுகளில் என்ன செய்வாள்?" என்று கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி?"

"பாட்டுப் பாடுவாள், ஜெபம் செய்வாள் என்றுதான் நினைத்திருந்தேன்."

செல்வக்கனி சேலை முந்தானையைக் கையில் சுற்றினாள். அவிழ்த்தாள். "நெசமாவே உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன்.

"யாரு வீட்டுல பொம்பளை செத்தாலும் முதல்ல அக்காவைத்தான் தேடுவாவ. சொந்தக்காரங்களுக்குக் கை வராதுல்லா? அக்கா வெந்நீர் வச்சு, மொகத்தைத்தான் முதல்ல துடைப்பா. மொகம்தான் முதல்ல செல்வக்கனி, அவிய வெக்கப்படக் கூடாதும்பா. பேசிக்கிட்டே செய்வா. 'மாமி, இப்பக் கையைத் தூக்குதேன்'னு செத்தவியகிட்ட சொல்லிச் சொல்லிச் செய்வா. நானும் சங்கத்துல மத்தவியளும் தண்ணி ஊத்துவோம். எத்தனை பேருன்னு எண்ணுனதில்ல. முந்நூறு இருக்கும்."

லீலா சாவு வீட்டிலிருந்து வந்தால் பின்வாசல் வழியாக வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். எல்லோரும் செய்வதுதானே என்று இருந்தேன். கல்யாணமாகி மூன்று நாலு வருஷத்தில் ஒருமுறை எங்கோ ஒரு சாவைப் பற்றிச் சொல்ல வந்தாள். இந்தப் பேச்சு இந்த வீட்டுக்குள் வேண்டாம் என்றேன். அதன்பிறகு அவள் சொன்னதில்லை.

"லீலாவை யார்…" என்று தொடங்கினேன்.

"நாந்தான். அக்கா சொல்லித் தந்த மாதிரியே செஞ்சேன். உங்களைக் கூப்பிட ஆள் விட்டேன். நீங்க வரல."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னேன்.

பிப்ரவரி 28, புதன்

20ஆம் தேதி பெனிட்டா சொன்னது இது: "அன்னைக்கு மூணு மணியில இருந்து கரண்டே இல்லப்பா. எந்த மோட்டார் ஓடுச்சு?"

மார்ச் 3, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. இரண்டாம் படி எழுதினேன். "பிள்ளைகள்: ஒரு மகள்" என்பதை அடித்தேன்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் 1987 ஆகஸ்டு 23இல் பிறந்தான். பத்தொன்பது மணி நேரம் இருந்தான். பிரசவத்தில் லீலாவுக்கு வலிப்பு வந்து நாலு நாள் நினைவில்லை. அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் மைத்துனர்தான் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்.

அவள் முதலில் கேட்டது, "பிள்ளை எப்படி இருந்தான் அத்தான்?"

உன் மூக்கு, உன் நெற்றி என்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஆகஸ்டிலும் கேட்பாள். நானும் சொல்வேன். பெனிட்டாவும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். ஒருநாளும் சலிக்காமல் சொல்லியிருக்கிறேன். புருஷன் என்ற முறையில் அதையாவது ஒழுங்காகச் செய்தேன்.

மார்ச் 5, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. புத்தகம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. ரேஷன் கார்டு, மாத்திரைச் சீட்டு, எதுவும் எங்கே என்று தெரியவில்லை. ஒரு தாலுகாவின் எல்லைக்கல் அத்தனையும் எங்கே என்று எனக்குத் தெரியும்.

செல்வக்கனிக்கு போன் செய்து, லீலா இந்த வேலையை யாரிடம் கற்றாள் என்று கேட்டேன். பத்து வரியை ஒரு பக்கமாக்க வேண்டுமே.

"ஞானப்பழம் அக்காகிட்ட. முந்தி ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்தாவ. இப்ப தங்கச்சி மக வீட்டுல, சமாதானபுரத்துல இருக்காவ."

மார்ச் 7, வியாழன்

போனேன்.

எண்பது தாண்டியிருக்கும். வாசலில் நாற்காலி போட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். லீலாவின் வீட்டுக்காரர் என்றேன். உருவுவதை நிறுத்தாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கதவுக்கு வெளிய நின்னவியதானே?"

"எந்தக் கதவு?" என்று கேட்டேன். கேட்கும்போதே தெரியும்.

"எம்பத்தேழு. ஆவணி மாசம். பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில சுத்தி உங்க முன்னால நீட்டுனேன். 'ஒரு தரம் பாத்துட்டு அனுப்புங்க சார்'னேன். நீங்க சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னிய. 'எங்க கையெழுத்துப் போடணும்'னு கேட்டிய."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளிருந்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். குடிக்கவில்லை.

"லீலாவுக்கு இது…"

"நாந்தான் சொன்னேன். அடுத்த வருசமே வந்தா. பிள்ளையைக் குளிப்பாட்டுனது யாருன்னு விசாரிச்சு என்னைத் தேடி வந்தா. 'என் மூக்கு, என் நெத்தின்னு அவிய சொல்லுதாவ. நெசமா அக்கா?'ன்னு கேட்டா. நான் பொய் சொல்லி என்ன ஆகப் போகுது? அவிய பாக்கவே இல்ல தாயின்னுட்டேன்."

"என்ன செய்தாள்?"

"இந்தா, நீங்க உக்காந்திருக்கிய பாருங்க, இப்படித்தான் உக்காந்திருந்தா. ரொம்ப நேரம். பொறவு, 'அவியகிட்ட நான் வந்ததைச் சொல்லிராதீங்க அக்கா'ன்னா. எந்திரிச்சுப் போகும்போது திரும்பி வந்து கேட்டா. 'இனிமே யாரையாவது குளிப்பாட்டப் போனா என்னையும் கூட்டிட்டுப் போவியளா?' அன்னையில இருந்து வந்தா."

கீரைக் காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினார்.

"என் பிள்ளையை யாரோ ஒருத்தி கழுவுனா, நான் யாரோ ஒருத்தியைக் கழுவுதேன்னு சொல்லுவா. வேற ஒண்ணும் சொன்னதில்ல. உங்களைக் குறை சொல்லி ஒரு வார்த்தை நான் கேட்டதில்ல."

எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று குறிக்கவில்லை. கடைசியில் கேட்டேன்.

"பிள்ளை எப்படி இருந்தான்?"

அவர் கீரையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"காது ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். அது உங்க காது. மயிரு பிடரி வரைக்கும் கருகருன்னு. வலது கையை மூடியே வச்சிருந்தான். விரலைப் பிரிச்சுத்தான் கழுவுனேன். மூக்கு, நெத்தி எல்லாம் உங்களதுதான் சார். லீலா சாடை ஒண்ணுகூடக் கிடையாது."

மார்ச் 8, வெள்ளி

முப்பத்தாறு ஆகஸ்டுகள்.

நான் வருஷத்துக்கு வருஷம் கூட்டிக்கொண்டே போனேன். ஒரு வருஷம் கன்னத்தில் குழி விழுந்தது என்றேன். ஒரு வருஷம், அழுகை உன் குரல் மாதிரியே இருந்தது என்றேன். அவள் தாடையில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டு முடித்ததும், "சரி அத்தான், சாப்பிடுவோமா?" என்பாள்.

எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டிருக்கிறாள். பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள அவள் கேட்கவில்லை. இந்த வருஷமாவது நான் உண்மையைச் சொல்வேனா என்று கேட்டிருக்கிறாள். அல்லது அந்த ஒருநாளாவது பிள்ளையைப் பற்றி வீட்டில் பேச்சு நடக்கட்டும் என்று கேட்டிருக்கலாம். எது என்று இனி யாரிடம் கேட்பது?

சாயங்காலம் பெனிட்டாவுக்கு போன் செய்தேன். மோட்டார் ஓடவில்லை என்று சொன்னேன். அம்மாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது என்றேன். "சரிப்பா" என்றாள். இருவரும் போனை வைக்கவில்லை.

மார்ச் 13, புதன்

மூன்றாம் படி. கிழித்துவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டிற்கு வந்தபோது மணி பதினொன்றரை. நடந்தது:

இரண்டாம் பாட்டு முடிந்ததும் ஐயர் என்னைக் கூப்பிட்டார். முதல் படியைத்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடியை மாட்டி வாசித்தேன். பிறப்பு, படிப்பு, திருமணம். "அன்பான மனைவி, பொறுப்பான தாய், சபையின் உண்மையுள்ள ஊழியக்காரி" வரைக்கும் வந்தேன். அதற்குமேல் தாளைப் பார்க்க முடியவில்லை. மடித்துப் பையில் வைத்தேன்.

"இதில் எழுதியிருப்பது எல்லாம் சரிதான். ஆனால் இது எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும்" என்றேன். "லீலா உங்கள் வீட்டுப் பெண்களைக் குளிப்பாட்டியிருக்கிறாள். உங்களுக்கெல்லாம் தெரியும். எனக்குப் போன மாதம்தான் தெரியும். எங்களுக்கு ஒரு மகன் பிறந்து இறந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று அவளிடம் சொன்னேன். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்னோடு முப்பத்தாறு வருஷம் இருந்தாள். போன மாதம் அவள் பெட்டியை மூடும்போது அவளையும் நான் பார்க்கவில்லை. இதைச் சொல்லாமல் அவளைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் அதுவும் பொய்யாகிவிடும்."

இதைவிட அதிகமாகச் சொன்னேனா, குறைவாகச் சொன்னேனா, நினைவில்லை. ஐயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். முன்பே இடம் இருந்தது.

வெளியே டீயும் பன்னும் கொடுத்தார்கள். யாரும் என்னிடம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. சீக்கிரம் போய்விடலாம் என்று செருப்பைத் தேடும்போது ஒரு பெண் வந்து நின்றாள். யாரென்று தெரியவில்லை. "எங்க மாமியாரை அவியதான் குளிப்பாட்டுனாவ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு இன்னொருத்தி. "எங்க அம்மாவை." பிறகு ஒரு பெரியவர், தடி ஊன்றி வந்தவர், "என் வீட்டுக்காரியை" என்றார். ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுக்கொண்டேன். இறந்தவர்களின் பெயரையும் கேட்டேன்.

கடைசியில் செல்வக்கனி வந்தாள். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

"பொம்பளைங்களுக்கு நாங்க நாலு பேரு இருக்கோம் அண்ணாச்சி. ஆம்பளைங்களுக்கு ஆள் இல்ல. அக்கா இதைச் சொல்லிச் சொல்லிப் பாத்தா, ஒரு ஆம்பளையும் வரல" என்றாள்.

நான் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"கூப்பிட்டா வருவியளா?"

எனக்கு அறுபத்தேழு வயது, முட்டி வலி இருக்கிறது, பழக்கம் இல்லை என்றெல்லாம் சொன்னேன்.

"வருவியளா, மாட்டியளா?"

மார்ச் 31, ஞாயிறு

ஈஸ்டர். காலை நாலரை ஆராதனைக்குப் போனேன். பீடத்துக்கு வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்தேன். பிள்ளையின் இடத்தை மைத்துனர் காட்டினார். அங்கே ஒரு சின்னக் கல் இருக்கிறது, பெயர் இல்லை. லீலாதான் வைக்கச் சொன்னாளாம், எந்த வருஷம் என்று அவருக்கு நினைவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

காலை ஏழே முக்காலுக்கு செல்வக்கனி போன் செய்தாள். வடக்குத் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வேதநாயகம், எண்பத்திரண்டு வயது. போனேன்.

செல்வக்கனி அறைக்கு வெளியே கதவருகில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். உள்ளே நானும், அவருடைய தம்பி மகன் ஒருவரும். வெந்நீரில் கை வைத்துச் சூடு பார்த்தேன். துணியை நனைத்துப் பிழிந்தேன். அதற்குமேல் கை போகவில்லை.

"என்ன அண்ணாச்சி, ஆச்சா?"

"இல்லை."

"மொகம்தான் முதல்ல."

"தெரியும்."

"பேர் சொல்லிக் கூப்பிட்டுச் செய்யுங்க. ஒண்ணும் ஆகாது."

வேதநாயகம் சார் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். பிறகு பார்த்தேன். வாய் சற்றுத் திறந்திருந்தது. இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு. இரண்டு நாள் தாடி. பயப்பட எதுவும் இல்லை. நெற்றியிலிருந்து தொடங்கினேன். முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காதுக்குப் பின்னால் துடைக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தேன். வீட்டார் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மூத்த மகன் மட்டும் தெருவில் நின்றார். ஐம்பது வயதிருக்கும், நல்ல சட்டை. கார்களை முன்னே எடு, பின்னே எடு என்று டிரைவர்களிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போங்கள் என்று யாரோ சொன்னதற்கு, "முதல்ல இந்த வண்டியை ஒதுக்கட்டும்" என்றார். எல்லா வண்டியும் ஒதுங்கித்தான் நின்றது.

பக்கத்தில் போனேன்.

"வண்டிகளை நான் பாத்துக்கிடுதேன். நீங்க உள்ள போங்க" என்றேன்.

"நீங்க யாரு?"

"அப்பாவைக் குளிப்பாட்டினவன்."

அவர் என்னை முறைத்தார். நான் நகரவில்லை. தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தேன், வைக்கவில்லை. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

அவர் திரும்பி வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அதுவரை தெருவில் வெயிலில் நின்று, வந்த மூன்று கார்களை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.